நீள எலும்பு வளர்ச்சிப் பெட்டி: ஸ்லைடுகளுக்காக வாங்கலாம், மாடலைத் திருத்திவிட்டு வையுங்கள்

செவிலியர் படிப்பில் முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு உடற்கூறியல் எடுக்கிறேன். எலும்பு மண்டலம் வரும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் வகுப்பு திணறும். பிறப்பதற்கு முன்னால் கை கால்களின் நீள எலும்புகள் குருத்தெலும்பிலிருந்து எப்படி வருகின்றன என்ற பகுதிதான் அது. படம் போட்டால் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் அப்படியே வரைவார்கள், ஆனால் "அந்தக் குருத்தெலும்பு கடைசியில் எங்கே போனது?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "கெட்டியாகி எலும்பாயிடும் மேம்" என்பார்கள். இளநீர் வழுக்கை முற்றித் தேங்காய் ஆவதுபோல குருத்தெலும்பு முற்றி எலும்பாகிறது என்ற எண்ணம். அது தப்பு. வாயால் சொல்லிப் பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. கண்ணால் காட்டியே ஆக வேண்டும் என்றுதான் போன ஜூனில் இந்தப் பெட்டியைக் கைக்காசு போட்டு வாங்கினேன். ஆறு மாதம், இரண்டு பிரிவு மாணவிகளோடு பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

பெட்டியில் இருப்பவை: எட்டு மைக்ரோஸ்கோப் ஸ்லைடுகள், கிளிசரினில் மூழ்கிய எலிச் சிசுவின் பின்னங்கால் உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி, வளர்ச்சியின் ஐந்து கட்டங்களைக் காட்டும் ரெசின் மாடல், ஆங்கிலத்தில் 24 பக்கக் கையேடு. கூரியரோடு சேர்த்து 4,350 ரூபாய் ஆனது. எட்டாவது ஸ்லைடு, அதாவது தேய்த்து மெல்லிசாக்கிய உலர் எலும்பு, வரும்போதே விரிசல் விட்டிருந்தது. புகைப்படம் அனுப்பினேன், பதினோரு நாளில் மாற்று வந்தது. அதில் குறையில்லை.

முதல் ஸ்லைடு முயல் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த சாதாரணக் குருத்தெலும்பு. எந்த ஆய்வகத்திலும் இருக்கும், இதற்காக யாரும் காசு தர வேண்டியதில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும், அதனால் இருக்கட்டும். இரண்டாவதில் எலிக் கருவின் கைமொட்டு. இன்னும் குருத்தெலும்புகூட ஆகாத நிலை. தளதளவென்ற இணைப்புத் திசுவுக்கு நடுவே செல்கள் ஒன்றையொன்று நெருங்கி அடர்த்தியாகக் கூடி நிற்கும், நாளைக்கு எலும்பு வரப்போகிற இடம் அதுதான். மனிதக் கருவில் கை மொட்டு நான்காவது வாரக் கடைசியில் தலைகாட்டும், கால் மொட்டு ஓரிரு நாள் பின்னால் வரும், ஆறாவது வாரத்துக்குள் குருத்தெலும்பு அச்சு தயாராகிவிடும். மூன்றாவது ஸ்லைடு அந்த அச்சு. தொடை எலும்பு எப்படி இருக்க வேண்டுமோ அதே வடிவம், சின்ன அளவில், முழுக்க முழுக்கக் குருத்தெலும்பில். மாணவிகள் முதன்முதலில் "ஓ" என்றது இந்த ஸ்லைடில்தான், ஏனென்றால் எலும்பு ஒரு துளிகூட இல்லாமலே எலும்பின் உருவம் முழுசாக இருக்கிறது.

நான்காவது ஸ்லைடுதான் பெட்டியில் எனக்கு ஏமாற்றம் தந்தது. தண்டின், அதாவது இரு முனைக்கும் இடைப்பட்ட நீளப் பகுதியின், நடுவே, வெளிப்புறமாக ஒரு மெல்லிய எலும்பு வளையம் முதலில் உருவாகும் கட்டம் அது. குருத்தெலும்பைச் சுற்றியிருக்கும் சவ்வின் உட்புற செல்கள் நேரடியாக எலும்பைப் படிய வைப்பதால் இந்த வளையம் வருகிறது. நீள எலும்பில் முதலில் உருவாகும் எலும்பு, குருத்தெலும்புக்கு உள்ளே வருவதில்லை, வெளியே உறைபோல வருகிறது. இது பாடத்தின் மிக முக்கியமான இடங்களில் ஒன்று. எனக்கு வந்த ஸ்லைடில் வெட்டு சாய்வாகப் போயிருக்கிறது, அதனால் வளையம் ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது, மறுபக்கம் காணோம். முதன்முறை பார்ப்பவருக்கு எலும்பு ஏதோ ஓரத்தில் தற்செயலாக ஒட்டியதுபோல் இருக்கும். எல்லாப் பெட்டியிலும் இப்படியா என்று கேட்டேன், ஒவ்வொரு தொகுதியும் வேறு வேறு வெட்டிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். வாங்கியவுடன் இந்த ஒரு ஸ்லைடை முதலில் எடுத்துப் பாருங்கள். தண்டின் இரு பக்கமும் இளஞ்சிவப்புக் கோடு தெரியவில்லை என்றால் மாற்றிக் கேளுங்கள்.

ஐந்தாவது ஸ்லைடுக்கு நான் முழு விலையும் கொடுப்பேன்.

தண்டின் நடுவில் குருத்தெலும்பு செல்கள் ஊதிப் பெருத்திருக்கின்றன. பத்து மடங்கும் அதற்கு மேலும் பருமன் கூடும் செல்கள் இவை. செல்கள் ஊத ஊத நடுவிலிருக்கும் சுவர்கள் மெலிந்துபோய், அந்தச் சுவர்களில் கால்சியம் படிகிறது. ஒரு பக்கத்தில், எலும்பு வளையத்தைத் துளைத்துக்கொண்டு ரத்தக்குழாய் உள்ளே நுழைகிற இடம் அப்படியே வெட்டில் விழுந்திருக்கிறது. சிவப்பணுக்கள் வரிசையாகத் தெரிகின்றன. பக்கத்தில் பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள், சுவரை அரித்துக்கொண்டு. அரித்தது போக மிஞ்சிய நீலச் சுவர்த் துண்டுகள்மேல் எலும்பாக்க செல்கள், அதாவது ஆஸ்டியோபிளாஸ்டுகள், ஒட்டடை படிந்ததுபோல வரிசையாக உட்கார்ந்து இளஞ்சிவப்பில் புது எலும்பைப் படிய வைக்கின்றன. நீல உள்ளீடு, அதைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை. பழைய குருத்தெலும்பின் எச்சத்தைத் தாங்கலாக வைத்து அதன்மேல் எலும்பு எழும்புகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. எங்கள் கல்லூரி அலமாரியில் பத்துப் பதினைந்து வருடமாக இருக்கும் ஸ்லைடுகளில் சாயம் போய் எல்லாம் ஒரே மண் நிறம். இதில் நீலமும் சிவப்பும் பிரிந்து நிற்கின்றன.

இதை விளக்க எனக்குக் கிடைத்த நல்ல உவமை சுவாமிமலைச் சிலை வேலை. மெழுகில் சிலையைச் செய்வார்கள், மேலே மண் பூசுவார்கள், சூடாக்கி மெழுகை உருக்கி வெளியே விட்டபிறகு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகு உலோகமாக மாறுவதில்லை, உலோகத்துக்கு வடிவம் கொடுத்துவிட்டு இடத்தைக் காலி செய்கிறது. குருத்தெலும்பும் அப்படித்தான், ஒரே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது: இங்கே நடுவில் உலோகம் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே இரு முனையிலும் மெழுகு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் ஆறாவது ஸ்லைடு.

அது வளர்ச்சித் தட்டின், அதாவது எலும்பு நீளமாக வளரும் முனைக் குருத்தெலும்பு அடுக்கின், நெடுக்குவெட்டு. 10 எக்ஸ் லென்ஸில் பார்த்தால் அடுக்குகள் மேலிருந்து கீழே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: ஓய்ந்திருக்கும் செல்கள், அப்புறம் நாணயங்களை அடுக்கியதுபோல நெடுவரிசையாகப் பிரிந்து பெருகும் செல்கள், அப்புறம் ஊதிய செல்கள், கால்சியம் ஏறிய பகுதி, கடைசியில் எலும்பு. இதில் எனக்குப் பிடித்தது நாணய அடுக்குகள் நேராக இருப்பது, பல ஸ்லைடுகளில் இது கோணலாகி அடுக்கே தெரியாமல் போகும். எல்லா செல்களும் ஒரே நேரத்தில் ஏன் ஊதிவிடுவதில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஊத ஆரம்பிக்கிற செல்கள் இண்டியன் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தை அனுப்புகின்றன, அதைப் பெறும் எலும்பு முனைச் செல்கள் பி.டி.எச்.ஆர்.பி. என்ற இன்னொரு புரதத்தைத் திருப்பி அனுப்புகின்றன, அது வந்து சேரும் தூரம்வரை உள்ள செல்கள் ஊதாமல் தொடர்ந்து பிரிந்துகொண்டே இருக்கும். 1996-இல் வெளிவந்த ஆய்வுகள் இந்தச் சுற்றைக் காட்டின. கையேட்டில் இது ஒரு பத்தியில், படத்தோடு, சரியாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் மாணவிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேய்த்து மெல்லிசாக்கிய எட்டாவதைத் தவிர இந்த ஸ்லைடுகளில் கால்சியமே கிடையாது. கடினமான திசுவைப் பிளேடால் சீவ முடியாது என்பதால் முதலில் அமிலம் போன்ற ஒன்றில் ஊறவைத்துக் கால்சியத்தை எடுத்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். நாம் பார்ப்பது கால்சியம் இருந்த இடத்தின் சாயல். கையேடு இதைச் சொல்லவே இல்லை, "கால்சியம் படிந்த பகுதி" என்று அம்புக்குறி மட்டும் போட்டிருக்கிறது.

ஏழாவது ஸ்லைடு ஒரு குறுக்குவெட்டு. பரவாயில்லை ரகம்.

இனி குப்பி. சதையை ஒளி ஊடுருவும்படி தெளிவாக்கி, குருத்தெலும்புக்கு ஆல்சியன் நீலமும் எலும்புக்கு அலிசரின் சிவப்பும் ஏற்றிய கால் அது. கண்ணாடிபோன்ற காலுக்குள்ளே சின்னச் சின்னக் குச்சிகள், ஒவ்வொன்றும் நடுவில் சிவப்பு, இரு முனையும் நீலம். மைக்ரோஸ்கோப் தேவையில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே போதும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மாணவி தன் அக்காவின் ஸ்கேன் அறிக்கையைக் கொண்டுவந்தாள். "மேம், அஞ்சாம் மாச ஸ்கேன்ல எஃப்.எல். 33 எம்.எம்.னு போட்டிருக்கு. தொடை எலும்பு அவ்ளோதானா? படத்துல ரெண்டு முட்டும் தெரியவே இல்லையே, ஏதாவது பிரச்சினையா?" குடும்பமே இரண்டு நாளாகப் பயந்துபோய் இருந்திருக்கிறார்கள். நான் குப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சிவப்பு மட்டும்தான் ஸ்கேனில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், நீலம் கறுப்பாகப் போய்விடும், அளப்பவர் குறி வைப்பதும் சிவப்பின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரைதான் என்று சொன்னேன். 20 வாரத்தில் 33 மில்லிமீட்டர் சராசரியான அளவு. அவள் குப்பியை முகத்துக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அறிக்கையைப் பற்றி மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன், ஆனால் "முட்டு ஏன் தெரியவில்லை" என்ற பயம் அங்கேயே தீர்ந்துவிட்டது. நாளைக்கு மகப்பேறு வார்டில் நிற்கப்போகிற பெண்கள் இவர்கள். இதே கேள்வியோடு வருகிற தாய்மார்களுக்கு இவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த நீல முனைகளுக்கு இன்னொரு பாடமும் உண்டு. பிறந்த குழந்தையின் தொடை எலும்புத் தலை முழுக்கக் குருத்தெலும்பு. அதற்குள் எலும்பு வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பு மூட்டில் பந்து இருக்க வேண்டிய இடம் காலியாகத் தெரியும். இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று சின்னக் குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்டில் பார்ப்பது அதனால்தான், ஆஸ்திரியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராய்ன்ஹார்ட் கிராஃப் 1980-இல் அந்த முறையைக் கொண்டுவந்தார். குழந்தையின் கால்களை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றக்கூடாது என்று நாம் சொல்வதும் இந்தக் குருத்தெலும்புப் பந்து குழியில் சரியாக உட்கார்ந்து வளர வேண்டும் என்பதற்காகத்தான்.

சரி, மாடலுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம்.

ஐந்து துண்டுகளும் பார்க்க அழகாக இருக்கின்றன, கையில் பிடிக்கக் கனமாக, சாயம் உரியாமல். முதல் நான்கு கட்டமும் சரி. ஐந்தாவது துண்டின் அடியில் "பிறப்பு" என்று அச்சடித்திருக்கிறார்கள், மேலே பார்த்தால் எலும்பின் இரண்டு முனையிலும் பெரிதாக இரண்டாம் நிலை எலும்பு மையங்கள், அதாவது முனைக் குருத்தெலும்புக்குள் எலும்பு தனியாகத் தொடங்கும் இடங்கள், நடுவில் வளர்ச்சித் தட்டுகள். பிறக்கும்போது எந்த நீள எலும்பும் இரண்டு முனையிலும் இவ்வளவு பெரிய மையங்களோடு இருப்பதில்லை. முதன்மை மையம், அதாவது தண்டின் நடுவில் வருவது, கிட்டத்தட்ட எல்லா நீள எலும்புகளிலும் 12-ஆவது வாரத்துக்குள் வந்துவிடும், தொடை எலும்பில் ஏழாவது வாரத்திலேயே. ஆனால் முனைகளில் வரும் இரண்டாம் நிலை மையங்களில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் வரும், சில மாதங்களில் சில, பல வருடம் கழித்துச் சில. முக்கியமான விதிவிலக்கு முழங்கால் பக்கம் உள்ள தொடை எலும்பின் கீழ்முனை, அது பிறப்புக்குச் சில வாரம் முன்னால், சுமார் 36-ஆவது வாரத்தில் வருகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் மேல்முனையில் பிறப்பை ஒட்டி வரும். இது சின்ன விஷயம் இல்லை. பிறந்த சிசு ஒன்றின் உடல் கிடைத்தால் அது நிறைமாதக் குழந்தையா என்று தடயவியல் மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்களில் தொடை எலும்பின் கீழ்முனை மையம் ஒன்று. எல்லா முனையிலும் பிறக்கும்போதே இருக்கும் என்று மாடல் சொன்னால் அந்த அடையாளத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

விற்பவர்களுக்கு எழுதினேன். "பாடப்புத்தகப் படத்தை அடிப்படையாகக் கொண்டது" என்று பதில். அது உண்மையும்கூட, பல புத்தகங்களில் கருவிலிருந்து பதின்ம வயதுவரை நடப்பதை ஒரே வரிசைப் படமாகப் போட்டுவிட்டு எது எப்போது என்று சொல்லாமல் விடுகிறார்கள். ஆனால் படத்தில் "பிறப்பு" என்று எழுதியிருக்காது, இவர்கள் மாடலில் எழுதியிருக்கிறார்கள். நான் அந்தச் சொல்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி "சிறுவயது" என்று எழுதி வைத்திருக்கிறேன். வாங்குபவர்கள் தயவுசெய்து வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

கையேட்டில் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். முதலாவது வாரக் கணக்கு. "எட்டாவது வாரத்தில் எலும்பு தொடங்குகிறது" என்று இருக்கிறது, எதிலிருந்து எட்டாவது வாரம் என்று இல்லை. கருவியல் புத்தகங்கள் கரு உண்டான நாளிலிருந்து எண்ணும், மகப்பேறு மருத்துவரும் ஸ்கேன் அறிக்கையும் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், இரண்டுக்கும் இரண்டு வாரம் வித்தியாசம். கையேட்டின் எட்டாவது வாரம் அறிக்கையில் பத்தாவது வாரம். இது தெரியாமல் போனால் மாணவிகள் ஒப்பிடும்போது எல்லாமே குழம்பும். (அந்த எட்டு வாரக் கரு உச்சியிலிருந்து பிட்டம்வரை சுமார் 3 சென்டிமீட்டர்தான். கரு என்ற நிலை முடிந்து சிசு என்ற நிலை தொடங்கும் கோட்டை எங்கே போடுவது என்று பார்த்த கருவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ரீட்டர், மேற்கை எலும்பில் மஜ்ஜை தோன்றத் தொடங்கும் இடத்தைத்தான் எல்லையாக எடுத்துக்கொண்டார். வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் எல்லோரும் தங்கள் மேற்கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.)

இரண்டாவது, ஊதிய குருத்தெலும்பு செல்கள் "அனைத்தும் இறந்துவிடுகின்றன" என்ற வரி. நானும் அப்படித்தான் படித்தேன், பல வருடம் அப்படித்தான் சொல்லியும் கொடுத்தேன். 2014-இல் ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இந்தச் செல்களுக்கு அழியாத அடையாளம் இட்டுப் பின்தொடர்ந்தபோது, அவற்றில் ஒரு பகுதி இறக்காமல் எலும்பாக்க செல்களாகவும் எலும்பு செல்களாகவும் மாறி எலும்புக்குள்ளேயே இருந்தது தெரியவந்தது. அப்படியானால் என் மெழுகு உவமை தப்பா என்று யோசித்தேன். திசுவைப் பொறுத்தவரை தப்பில்லை, குருத்தெலும்புப் பொருள் அரிக்கப்பட்டுத்தான் எலும்பு வருகிறது. செல்களைப் பொறுத்தவரை கொஞ்சம் தளர்த்திச் சொல்ல வேண்டும், பெரும்பகுதி போய்விடுகிறது, சில செல்கள் வேலை மாற்றிக்கொண்டு தங்கிவிடுகின்றன. இந்த வருடத்திலிருந்து அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக அச்சடித்த கையேட்டில் பத்து வருடத்துக்கும் மேல் பழைய இந்தச் செய்தி இல்லாமல் இருப்பது வருத்தம்.

மூன்றாவது, நீள எலும்புகள் "எல்லாம்" குருத்தெலும்பு அச்சில் வருகின்றன என்ற வாக்கியம். காறை எலும்பு வடிவத்தில் நீள எலும்புதான், ஆனால் அதன் பெரும்பகுதி சவ்விலிருந்து நேரடியாக வருகிறது. உடம்பிலேயே முதலில் எலும்பாகத் தொடங்குவதும் அதுதான், ஐந்தாறு வாரத்தில். அதன் உள்முனை கடைசியாக இருபதுகளின் நடுவில் ஒட்டும். இவ்வளவு நல்ல விஷயத்தை ஒரே வார்த்தையில் தொலைத்திருக்கிறார்கள்.

கையேட்டில் நன்றாக இருக்கும் பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ரங்க்ஸ்2 என்ற மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் பற்றிய 1997 ஆய்வு. அந்தக் குட்டிகளுக்கு எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பாகவே இருந்தது, எலும்பாக்க செல்களே உருவாகவில்லை, பிறந்தவுடன் மூச்சு விட முடியாமல் இறந்தன. விலா எலும்பு கெட்டியாக இல்லாவிட்டால் நெஞ்சு விரிந்து நிற்காது. வடிவம் மட்டும் போதாது, எலும்பு வந்துதான் ஆக வேண்டும் என்பதை இந்த ஒரு பக்கம் நெஞ்சில் அறைந்ததுபோல் சொல்கிறது. படித்தபோது எனக்கே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

நான் எதிர்பார்த்து கிடைக்காதவையும் இருக்கின்றன. கை கால்கள் குட்டையாகப் பிறக்கும் மரபணுக் குறைபாடான அகோண்ட்ரோபிளாசியா பற்றி ஒரு வரிகூட இல்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 மரபணுவில் ஒரு எழுத்து மாறுவதால் நாணய அடுக்குச் செல்களுக்குப் போடும் பிரேக் எந்நேரமும் அழுத்தியபடியே இருக்கிறது, நீள எலும்புகள் குட்டையாகின்றன, சவ்விலிருந்து வரும் மண்டையோட்டின் மேற்பகுதி வளர்ச்சியில் குறையில்லை. 1994-இல் இந்தக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, 2021-இல் வோசோரிடைடு என்ற மருந்துக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. இப்படிப் பிறக்கும் ஐந்து குழந்தைகளில் நான்கு பேருடைய பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள், தொடை எலும்பு குட்டையாக இருப்பதும் பெரும்பாலும் ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரியாமல் பின்னால்தான் தெரியவரும். ஆறாவது ஸ்லைடைப் பார்த்து முடித்த கையோடு இதைச் சொன்னால் மாணவிகளுக்கு அடுக்குகளின் அர்த்தம் சட்டென்று பிடிபடுகிறது, ஆகவே நானே ஒரு தாள் தட்டச்சு செய்து கையேட்டுக்குள் செருகி வைத்திருக்கிறேன்.

எலும்பு நடுவில் இழுபட்டு நீளாமல் முனைகளில் வளர்கிறது என்பதற்கும் கையேட்டில் எளிய விளக்கம் இல்லை. இதற்கு இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் 1727-இல் எழுதிய கோழிச் சோதனையைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. வளரும் கோழிக் குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளை போட்டார், கோழி வளர்ந்தபின் பார்த்தால் எலும்பு நீண்டிருக்கிறது, துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் அதேதான். நம் வீட்டில் கோழிக்கால் சாப்பிடும்போது நுனியில் நறுக்கென்று கடிபடும் வெள்ளைக் குருத்து இருக்கிறதே, அந்தப் பக்கம்தான் வளர்ச்சி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது எலும்பை நீளவாக்கில் பிளந்து பார்க்கச் சொன்னேன், திங்கட்கிழமை நாலைந்து பேர் போனில் படமே எடுத்து வந்தார்கள்.

நடைமுறைக்கு வந்தால், ஸ்லைடுகளுக்கு சாதாரண மாணவர் மைக்ரோஸ்கோப் போதும், 4 எக்ஸ், 10 எக்ஸ் லென்ஸில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும், எலும்பாக்க செல்களைத் தனித்தனியாகக் காட்ட மட்டும் 40 எக்ஸ் வேண்டும். போன் கேமராவை மைக்ரோஸ்கோப்பின் கண் லென்ஸில் வைத்தால் ஐந்தாவது ஸ்லைடு அருமையாக விழுகிறது, திரையில் போட்டு அறுபது பேருக்கும் ஒன்றாகக் காட்டினேன். குப்பியை வெயிலில் வைக்காதீர்கள், நீலம் மங்குகிறது, நான் ஒரு வாரம் ஜன்னல் ஓரம் விட்டதிலேயே வித்தியாசம் தெரிந்தது. இப்போது பீரோவுக்குள் இருக்கிறது. எலும்பு வளர்ச்சியைக் காட்டுபவை எலியிலிருந்து எடுத்தவை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் காட்டுகிறேன், எலி மூன்று வாரத்தில் பிறந்துவிடும், நடப்பவை அதே வரிசையில் நடக்கின்றன, கால அளவு மட்டும் வேறு.

கல்லூரி ஆசிரியர்கள், பிசியோதெரபி, செவிலியர் படிப்பு நடத்துபவர்கள் வாங்கலாம். பிளஸ் டூ மாணவருக்கு வீட்டில் வைத்துப் படிக்க இது தேவையில்லை, பள்ளி ஆய்வகம் வாங்கினால் நல்லது. எனக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஸ்லைடுகளுக்கும் குப்பிக்கும் ஐந்துக்கு நாலரை, கையேட்டுக்கு மூன்று, மாடலுக்கு இரண்டு. இன்னொன்று, முதலில் இது எனக்குத் தெரியாது: மாடல் வேண்டாம், ஸ்லைடும் குப்பியும் கையேடும் மட்டும் போதும் என்று போனில் கேட்டால் 2,700 ரூபாய்க்குத் தருகிறார்கள். இணையப் பக்கத்தில் அப்படி ஒரு தேர்வே காட்டாது, கேட்க வேண்டும்.